வில்ஃப்ரெட் சக்டன் கறி சாப்பிட்ட சனிக்கிழமை

வில்ஃப்ரெட் சக்டனுக்கு ஐம்பத்து நான்கு வயது ஆகும்வரை பூண்டும் மிளகாயும் வாயில் பட்டதே கிடையாது. எங்கள் ஹெப்பர்டனில் அவர் வயதுக்காரர்களுக்கு அது அதிசயமும் இல்லை. ஆனால் மற்ற வீடுகளில் என்றைக்காவது ஒரு நாள் சமையல் மாறும். சக்டன் வீட்டில் மாறாது. ஞாயிறு அடுப்பில் சுட்ட மாட்டிறைச்சி, திங்கள் அதே இறைச்சி ஆறிப்போனது, செவ்வாய் மிச்சத்தைக் கொத்தி மேலே உருளைக்கிழங்கு மசியல், புதன் ஈரல், வியாழன் சாசேஜ், வெள்ளி மீன் வறுவல், சனி பன்றித்தொடைத் துண்டும் டப்பா பீச் பழமும். அம்மா செத்து இரண்டு வருஷம் ஆகியும் அந்த மனுஷன் ஒரு கிழமையைக்கூட மாற்றவில்லை. செவ்வாய்க்கிழமை சாசேஜ் தின்றால் அம்மா கல்லறையிலிருந்து எழுந்து வந்து காதைத் திருகுவாள் என்று பயந்தாரோ என்னவோ.

கம்பள ஆலை வாசலில் எடைமேடை. அதை ஒட்டி ஒரு மரக் கொட்டகை. அதற்குள் முப்பத்தாறு வருஷம் உட்கார்ந்து, உள்ளே வரும் லாரிக்கும் வெளியே போகும் லாரிக்கும் எடை எழுதிச் சீட்டுக் கிழித்துக் கொடுத்தார். மதியம் ஒரு தகர டப்பாவைத் திறப்பார். மீன் விழுது தடவிய சாண்ட்விச் இரண்டு. சரக்கு ஏற்றும் ஆட்கள் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஜன்னலில் தலையை நீட்டி, "என்ன வில்ஃப், இன்னைக்கு என்ன ஸ்பெஷல்?" என்பார்கள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, முப்பத்தாறு வருஷம் இதே கேள்வி. ஒரு தடவை டப்பாவுக்குள் செத்த எலியை வைத்தார்கள். இன்னொரு தடவை அவர் தொப்பியை லாரியின் பின்னால் கட்டி மான்செஸ்டர் வரைக்கும் அனுப்பினார்கள். ஒவ்வொரு தடவையும் இவரும் அவர்களோடு சேர்ந்து சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அடிக்கிறவனுக்கு முதுகைத் திருப்பிக் காட்டுவது போன்ற சிரிப்பு.

அவரை மரியாதையாகக் கூப்பிட்ட ஒரே ஆள் சுருஜ் மியா. வங்காளத்துச் சில்ஹெட்டிலிருந்து வந்தவர், ஆலையில் ராத்திரி ஷிப்ட். ஒரு பனிக்காலக் காலையில் வில்ஃப்ரெட் வாசலில் உறைபனி வழுக்கி மல்லாந்து விழுந்தார். சரக்கு ஆட்கள் நின்று வேடிக்கை பார்த்துக் கைதட்டினார்கள். ஷிப்ட் முடிந்து வெளியே வந்த சுருஜ்தான் அவரைத் தூக்கி நிறுத்தி, கோட்டைத் தட்டிவிட்டு, கொட்டகைக்குள் கொண்டுபோய் உட்கார வைத்தார். வில்ஃப்ரெட் அவர் பெயரைக் கேட்டார். ஆலையில் வேறு யாரும் அதைக் கேட்டதில்லை. ராத்திரி ஷிப்டில் அவரைப் போல அந்தப் பக்கமிருந்து வந்தவர்கள் எல்லோருக்கும் சரக்கு ஆட்கள் வைத்திருந்த பெயர் ஜானி. அன்றிலிருந்து எட்டு வருஷம், தினமும் காலை ஆறு மணிக்கு வாசலில், "குட் மார்னிங், மிஸ்டர் மியா." "குட் மார்னிங், மிஸ்டர் சக்டன்." அவ்வளவுதான் பேச்சு. அந்த இரண்டு வார்த்தையில்தான் வில்ஃப்ரெட்டின் ஒவ்வொரு நாளும் தொடங்கியது. பிறகு ராத்திரி ஷிப்டையே மூடிவிட்டார்கள். சுருஜ் மியா போன இடம் தெரியவில்லை.

எண்பத்து மூன்றாம் வருஷம் ஏப்ரலில் மியூரியல் பேச்சுக் கொடுத்தாள். சம்பள ஆபீஸில் இருந்தவள். புருஷனை இழந்து ஆறு வருஷம், வாய் நிறையப் பேச்சு, கழுத்தில் எப்போதும் ஒரு பச்சை ஸ்கார்ஃப். வெள்ளிக்கிழமை சம்பளக் கவரை ஜன்னல் வழியாக நீட்டிக்கொண்டே சொன்னாள்.

"லீட்ஸ்ல தங்கச்சியோட போய் இந்தியச் சாப்பாடு சாப்பிட்டேன், வில்ஃப்ரெட். அடேயப்பா, வாசனையே ஆளைத் தூக்குது! நம்ம ஊர்லயும் ஜமுனான்னு ஒண்ணு திறந்திருக்காங்களாம். பொம்பளை தனியா எப்படிப் போறது, சொல்லுங்க?"

அது அழைப்பு என்று விளங்க இவருக்கு மூன்று வெள்ளிக்கிழமை ஆயிற்று. நாலாவது வெள்ளிக்கிழமை கவரை வாங்கிக்கொண்டு, காது மடல் சிவக்க, "நாளைக்கு ஆறு மணிக்கு ஜமுனா போகலாமா?" என்று கேட்டேவிட்டார். மியூரியல் சிரித்துக்கொண்டே சரி என்றாள். அதோடு விடவில்லை. ஜூன் மாதம் ஸ்கார்பரோ கடற்கரைக்கு சர்ச்சிலிருந்து பஸ் போகிறது, தன்னிடம் இரண்டு சீட்டு இருக்கிறது என்றாள்.

"கூட யாரைக் கூட்டிட்டுப் போறதுன்னு நாளைக்குப் பார்த்துட்டுச் சொல்றேன்."

வில்ஃப்ரெட்டுக்கு அன்று எடைச்சீட்டில் கை ஓடவில்லை. ஒரே ஒரு சாப்பாடு. ஒரு மணி நேரம். அதில் யாருக்கும் கேலிப்பொருளாகாமல் எழுந்து வந்துவிட்டால் இந்த வயதில் ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்து கடல் பார்க்கலாம். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். ஆனால் அந்தச் சாப்பாட்டைப் பற்றி அவருக்கு ஒரு எழுத்தும் தெரியாதே! யாரிடம் கேட்பது?

போயும் போயும் டெரிக்கிடம் கேட்டார். சரக்கு ஏற்றும் கும்பலுக்குத் தலைவன். எலி வைத்தது, தொப்பி கட்டியது எல்லாம் அவன் வேலை. ஆனால் வாராவாரம் ஜமுனாவுக்குப் போகிறவனும் அவன்தான். விஷயத்தைக் கேட்டதும் டெரிக் சிரிக்கவில்லை. கொட்டகைக்குள் வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். முப்பத்தாறு வருஷத்தில் அந்தக் கும்பலில் ஒருத்தன் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"நல்ல வேளை, என்கிட்ட கேட்டே. வேற எவன்கிட்டயாவது கேட்டிருந்தா உன்னைக் கவுத்திருப்பான். எழுதிக்கோ. கோர்மான்னு ஒண்ணு இருக்கும். பேர் சாதுவா இருக்கேன்னு ஏமாந்துடாதே, அதுதான் நெருப்பு. மெனு அட்டையில கடைசி வரியில ஃபால்னு இருக்கும். அதுதான் குழந்தைக்குக் குடுக்கறது. அதைக் கேளு."

வில்ஃப்ரெட் ஒரு எடைச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

"சர்வர் தடுப்பான். 'ஐயோ சார், அது வேணாம், காரம்'னு கையைப் பிசைவான். புதுசா வர்றவங்களை மிரட்டி கோர்மாவைத் தலையில கட்டறது அவங்க தொழில். நீ அசையக் கூடாது. அப்புறம் முக்கியமான விஷயம், நடுவுல தண்ணியோ தயிரோ தொடக் கூடாது. அது சமைச்சவனை அவமானப்படுத்தற மாதிரி. தட்டைக் காலி பண்ணணும். பொம்பளை பார்த்துட்டு இருப்பா, ஞாபகம் வச்சுக்கோ."

"ரொம்ப நன்றி, டெரிக்," என்றார் வில்ஃப்ரெட். கண்கூடக் கலங்கியது, பாவம். தனக்கு ஒரு சிநேகிதன் கிடைத்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை ஆறு மணிக்கு, அப்பாவின் சவ அடக்கத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு ஜமுனா வாசலில் நின்றார். மியூரியல் பச்சை ஸ்கார்ஃபோடு வந்தாள். உள்ளே சிவப்பு வெல்வெட் ஒட்டிய சுவர். கதவைத் திறந்துவிட்டவர், கறுப்புக் கழுத்துப் பட்டியும் வெள்ளைச் சட்டையுமாக, சுருஜ் மியா!

"மிஸ்டர் சக்டன்! வாங்க, வாங்க. எத்தனை வருஷமாச்சு உங்களைப் பார்த்து!"

"மிஸ்டர் மியா," என்றார் வில்ஃப்ரெட். வாயெல்லாம் சிரிப்பு.

"அட, இங்க உங்களுக்கு ஆளெல்லாம் தெரியுமா?" என்று மியூரியல் புருவத்தைத் தூக்கினாள். வில்ஃப்ரெட்டுக்கு ஒரு அங்குலம் வளர்ந்துவிட்ட மாதிரி இருந்தது.

சுருஜ் ஜன்னலோர மேஜையில் உட்கார வைத்தார். மியூரியல் தனக்கு லீட்ஸில் சாப்பிட்ட அதே பிரியாணி, மேலே ஆம்லெட் போட்டு வேண்டும் என்றாள்.

"உங்களுக்கு இதுதான் முதல் தடவையா மிஸ்டர் சக்டன்? அப்ப விடுங்க, நான் பார்த்துக்கறேன். கோர்மா கொண்டு வரேன். தேங்காயும் பாலேடும், காரமே இருக்காது."

டெரிக் சொன்னது அட்சரம் பிசகாமல் நடக்கிறதே! வில்ஃப்ரெட் மேஜைக்கு அடியில் சீட்டை எடுத்து ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"எனக்கு ஃபால்."

சுருஜ் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "வேணாம், சார். அதை நாங்களே சாப்பிட மாட்டோம். குடிச்சிட்டுப் பந்தயம் கட்டறவங்களுக்காகப் போடறது. மெட்ராஸே உங்களுக்குத் தாங்காது."

எங்கள் ஊர் மெட்ராஸ் கறியை மெட்ராஸில் பிறந்தவர்கள் பார்த்தால் இது யார் என்று கேட்பார்கள், அது வேறு கதை. ஆனால் சுருஜ் சொன்னது சத்தியம். வில்ஃப்ரெட் அவர் முகத்தைப் பார்த்தார். நீயும் வியாபாரிதானா, மிஸ்டர் மியா, என்று மனதுக்குள் வருத்தப்பட்டார். எட்டு வருஷத்துக் குட் மார்னிங்கை விட, ஸ்டூலில் பத்து நிமிஷம் உட்கார்ந்த டெரிக் பெரியவனாகிப் போனான்.

"ஃபால்னு சொன்னேனே," என்றார் சற்று உரக்க. அந்தக் குரலை அவரே அதுவரை கேட்டதில்லை. மியூரியல், "தைரியசாலிதான்!" என்று அவர் முழங்கையைத் தொட்டாள். சுருஜ் எழுதிக்கொண்டு போனார்.

தட்டு வருவதற்குள் டெரிக்கும் ராயும் இன்னும் இரண்டு சரக்கு ஆட்களும் உள்ளே வந்து எதிர்ச் சுவரோரம் உட்கார்ந்தார்கள். "ஜானி, நாலு பியர்!" என்று டெரிக் சத்தம் போட்டான். பிறகு வில்ஃப்ரெட்டைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினான். அப்பாவி மனுஷன் சந்தோஷமாகத் திரும்பக் கை காட்டினார்.

முதல் வாய் உள்ளே போனதும் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது வாய்க்குள் முதலாவது வெடித்தது. நாக்கு, தொண்டை, காதின் உட்பக்கம், மண்டை எல்லாம் திகுதிகுவென்று எரிந்தன. குழந்தைக்குக் கொடுப்பதே இப்படி என்றால் கோர்மா எப்படி இருக்கும், தப்பித்தோம் என்றுதான் அவர் நினைத்தார்! மியூரியல் ஸ்கார்பரோவில் எந்த ஹோட்டலில் தேநீர் நன்றாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இவர் தலையை ஆட்டி ஆட்டி மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது வாயை விழுங்கினார். மூக்கு ஒழுகியது. வழுக்கையில் வியர்வை அருவியாகக் கொட்டியது.

சுருஜ் வந்தார். "எல்லாம் சரியா இருக்கா, மிஸ்டர் சக்டன்?"

எங்கள் ஊர்க்காரர்களை இந்த ஒரு விஷயத்தில் செருப்பால் அடிக்கலாம். சாப்பாட்டில் ஆணி கிடந்தாலும் சர்வர் வந்து கேட்டால் அருமை என்போம். வீட்டுக்குப் போய் ஒரு வாரம் திட்டித் தீர்ப்போம், முகத்துக்கு நேரே சொல்ல மாட்டோம்.

"அருமை," என்றார் வில்ஃப்ரெட், கண்ணிலிருந்து நீர் வழிய.

சுருஜ் கேட்காமலே ஒரு கிண்ணம் தயிரும் ஒரு குவளைத் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தார். "இதைக் குடிங்க, சார். கெஞ்சிக் கேட்டுக்கறேன்." வில்ஃப்ரெட் ஒரு விரலால் கிண்ணத்தைத் தள்ளிவைத்தார். எதிர்ச் சுவரோரம் ராய் வாயில் கைக்குட்டையைத் திணித்துக்கொண்டிருந்தான்.

"உங்க முகம் ஏன் இப்படி ஆயிடுச்சு?" என்றாள் மியூரியல். "வில்ஃப்ரெட், போதும்னா விட்டுடுங்களேன்."

"இல்ல... நல்லா..." என்று ஆரம்பித்தவருக்கு விக்கல் எடுத்தது. சாதாரண விக்கல் இல்லை, உடம்பையே தூக்கிப் போடுகிற விக்கல். இரண்டாவது விக்கலில் மேல் வரிசைப் பல் செட்டு கழன்று, தட்டில், அந்தச் சிவப்புக் குழம்பின் நடுவில் போய் விழுந்தது.

எதிர் மேஜை வெடித்தது. டெரிக் மேஜையை அறைந்து அறைந்து சிரித்தான். "குழந்தைச் சாப்பாடு எப்படி இருக்கு, வில்ஃப்? பல்லு முளைச்சிருச்சா? சொன்னேன்ல, கடைசி வரியில இருக்கறதுன்னு! தயிரைக்கூடத் தொடலடா இவன்! தொடலடா!"

அப்போதுதான் வில்ஃப்ரெட்டுக்கு எல்லாம் விளங்கியது. பொக்கை வாயைக் கையால் மூடிக்கொண்டு மியூரியலைப் பார்த்தார். மியூரியல் அந்த மேஜையைப் பார்த்தாள், தட்டில் கிடந்த பல்லைப் பார்த்தாள், இவர் முகத்தைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அடக்கிப் பார்த்து முடியாமல், பச்சை ஸ்கார்ஃபை வாயில் வைத்துக்கொண்டு, அவளும் சிரித்தாள். கெட்டவள் இல்லை அவள். நான்கு பேர் சிரிக்கும்போது சிரிக்காமல் இருக்கத் தெரியாதவள், அவ்வளவுதான். அந்த இடத்தில் அதுவே போதுமாக இருந்தது.

சுருஜ் மியா விரைந்து வந்தார். மடித்த வெள்ளைத் துணி ஒன்றைத் தட்டின் மேல் போட்டு, யார் கண்ணிலும் படாதபடி பல்லைத் துணியோடு அள்ளினார். மற்ற கையை வில்ஃப்ரெட்டின் தோளில் வைத்து மெதுவாகச் சொன்னார். "வாங்க, மிஸ்டர் சக்டன். பின்னால குழாய் இருக்கு. நான் கழுவித் தரேன்."

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் டெரிக்கின் காதில் விழுந்துவிட்டது.

"ஓஹோ! மிஸ்டர் சக்டனாம்! கேட்டியா ராய்? தோள்ல கை வேற! என்ன வில்ஃப், ஜானி உனக்கு உறவா? அம்மா இதைச் சொல்லவே இல்லையே!"

மியூரியல் இன்னும் பலமாகச் சிரித்தாள். வில்ஃப்ரெட் தோளில் இருந்த கையைப் பார்த்தார். அந்தக் கடையில் அவர் திருப்பி அடிக்கக்கூடிய ஆள் ஒரே ஒருவர்தான் இருந்தார். அது அவருக்கு நொடியில் தெரிந்துவிட்டது. வாழ்நாள் முழுக்க வாங்கிக்கட்டிக்கொண்டவனுக்கு இதெல்லாம் யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

கையைத் தட்டிவிட்டு எழுந்தார்.

"யாருடா உனக்கு மிஸ்டர் சக்டன்? கையை எடுடா, ஜானி!" பல் இல்லாத வாயிலிருந்து எச்சில் தெறித்தது. "விஷத்தை வச்சுட்டு வந்து கொஞ்சறியா? உன் நாத்தம் பிடிச்ச சாப்பாட்டை உன் ஊர்ல போய்ப் போடு!" தட்டை இரண்டு கையாலும் தூக்கி, மிச்சமிருந்த குழம்பு முழுவதையும் சுருஜ் மியாவின் வெள்ளைச் சட்டையில் கொட்டினார். கழுத்திலும் முகத்திலும் தெறித்தது. ஒரு கண்ணில் பட்டது.

டெரிக் துள்ளி எழுந்தான். "அப்படிப் போடு! வில்ஃப்பு! இத்தனை நாள் எங்கய்யா ஒளிச்சு வச்சிருந்தே இதை?" நாலு பேரும் கைதட்டினார்கள். ராய் விசிலடித்தான். மியூரியலின் சிரிப்பு அப்படியே திசை மாறியது. இப்போது அவள் வில்ஃப்ரெட்டைப் பார்த்து, வில்ஃப்ரெட்டின் பக்கம் நின்று சிரித்தாள். "அம்மாடி, உங்களுக்கு இவ்வளவு கோபம் வருமா!"

சமையலறையிலிருந்து முதலாளி ஓடிவந்தார். சட்டையெல்லாம் குழம்போடு நின்ற தன் ஆளை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "சார்கிட்ட மன்னிப்புக் கேளு," என்றார்.

சுருஜ் ஒரு கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கையில் அந்தத் துணி, துணிக்குள் பல். அதை மேஜையில் வைத்தார்.

"மன்னிச்சுக்குங்க, சார்," என்றார். சக்டன் என்று சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை எடைமேடையில் எல்லோரும் வில்ஃப்ரெட்டுக்குக் கை கொடுத்தார்கள். மதியம் டெரிக் அவரைக் கேன்டீனில் தன் மேஜைக்கே கூட்டிப்போனான். இன்னைக்கு என்ன ஸ்பெஷல் என்று அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. ஜூனில் ஸ்கார்பரோ பஸ்ஸில் மியூரியல் பக்கத்தில் உட்கார்ந்து போனார். மறு வருஷம் கல்யாணம். கல்யாண விருந்தில் டெரிக் எழுந்து நின்று சொன்ன கதை, ஜானியின் தலையில் மாப்பிள்ளை கறியைக் கவிழ்த்த கதைதான். பல் விழுந்த பாகம் அதில் கிடையாது. சட்டை என்பது தலை ஆகியிருந்தது. வில்ஃப்ரெட் திருத்தவில்லை. பிறகு அவரே சொல்லத் தொடங்கினார், நன்றாகவே சொல்வார், நானே மூன்று தடவை கேட்டிருக்கிறேன்.

சனிக்கிழமைதோறும் இப்போது பன்றித்தொடையும் பீச்சும் இல்லை. மியூரியலும் டெரிக் கும்பலுமாக ஜமுனாவில். சுருஜ் மியாதான் பரிமாறுவார். இடது கண்ணில் அடிக்கடி நீர் கசியும், கைக்குட்டையால் ஒற்றிக்கொள்வார். யார் எதைக் கேட்டாலும் எழுதிக்கொள்வார். வில்ஃப்ரெட்டிடம் மட்டும் கேட்கமாட்டார். கேட்காமலே கோர்மா வரும்.

நான்கு வருஷம் கழித்து ஒரு ஜனவரிக் காலை, ஆறு மணி, தெருவெல்லாம் உறைபனி. சந்தைப் பக்கத்து பஸ் நிறுத்தத்தில் இரண்டு பேர்தான் நின்றார்கள். கேட்க டெரிக் இல்லை, மியூரியல் இல்லை. வில்ஃப்ரெட் கொஞ்ச நேரம் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"குட் மார்னிங், மிஸ்டர் மியா."

சுருஜ் திரும்பிப் பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. கடையில் எல்லோருக்கும் காட்டுகிற அதே பணிவுதான்.

"ஜானின்னே கூப்பிடுங்க, சார். எல்லாரும் அப்படித்தானே கூப்பிடறாங்க. எதுக்கு வீணாச் சிரமம்?"

பஸ் வந்தது. சுருஜ் ஒதுங்கி நின்று, முதலில் ஏறும்படி அவருக்குக் கை காட்டினார்.

அந்த வாரமும் சனிக்கிழமை வந்தது. டெரிக்கின் மச்சான் புதிதாக வந்திருந்ததால் வில்ஃப்ரெட்டைக் கதை சொல்லச் சொன்னார்கள். சொன்னார், எல்லோரும் சிரித்தார்கள். பாதியில் சுருஜ் மியா மேஜைக்கு வந்து, கைகளைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"எல்லாம் சரியா இருக்கா, சார்?"

"அருமை," என்றார் வில்ஃப்ரெட்.